இரும்பைக் கண்டால் பூசுகிறவர்

என் கணவர் மேர்வினுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் விளங்காது. காற்றடிக்கிற நாளிலும் வள்ளத்தைக் கொட்டியாரக் குடாவுக்குள் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பிக்கொண்டு வருவார். காரின் ஸ்டியறிங்கைப் பிடிக்கச் சொன்னால் மட்டும் "எனக்கு றோட்டு சரிவராது" என்று நழுவிவிடுவார். மனையாவெளிக் கரையில் படகு எஞ்சின் திருத்துவது அவருடைய தொழில். நான் கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். போய்வருவதற்காகத்தான் கார் வாங்கினோம். ஓட்டுவது நான், கொண்டாடுவது அவர்.

கொண்டாட்டம் என்றால் சாதாரணக் கொண்டாட்டம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றிருந்த காலத்தில், ஓட்டைக் காரும் தங்கம் மாதிரி விலை போன நேரத்தில், படாத பாடு பட்டு வாங்கிய கார் அது. சின்னக் கார், சிவப்பு நிறம். எங்கள் கல்யாணப் படத்தைக்கூட இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவை துடைத்தது கிடையாது. காரை மட்டும் காலையும் மாலையும் துடைப்பார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடல். இரவு முழுக்கக் காற்று உப்பைக் கொண்டுவந்து கொட்டும். காலையில் கார்க் கண்ணாடியைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த உப்புதான் அவருக்கு ஜென்ம எதிரி.

மாரி தொடங்க முன்னம் காருக்குச் செராமிக் கோட்டிங் போட வேண்டும் என்று ஒருநாள் தொடங்கினார். நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலமாம். உப்பும் ஒட்டாது, தண்ணீரும் நிற்காதாம். கடையில் கொடுத்துச் செய்யலாமே என்றேன்.

"அவங்கள் செய்யிறதை நான் செய்ய ஏலாதா? எஞ்சின் கழட்டுற கைக்கு இதென்ன பெரிய வேலை?" என்றார்.

போனில் படம் பார்த்துப் பார்த்துப் படித்தார். முற்றத்தில் நான்கு கம்பு நட்டு, மேலேயும் பக்கங்களிலும் படங்குச் சீலை கட்டி, மணல் காற்று புகாமல் ஒரு கொட்டில் போட்டார். அதற்குள் காரை விட்டு மூன்று முறை கழுவினார். களி மாதிரியான ஒரு கட்டியால் தகரம் முழுக்கத் தடவி, கண்ணுக்குத் தெரியாத அழுக்கையெல்லாம் எடுத்தார். பிறகு இரவல் வாங்கிய பொலிஷ் மெசினால் தேய்த்தார். வீடே அதிர்ந்தது. கடைசியில் ஒரு குட்டிப் போத்தலிலிருந்து துளித் துளியாகத் துணியில் விட்டுப் பூசினார். பூசிய இடத்தில் வானவில் நிறம் ஓடுமாம், அது ஓடும்போது துடைத்துவிட வேண்டுமாம், பிந்தினால் திட்டாகிவிடுமாம். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் செய்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், கார் அழகாகத்தான் இருந்தது. கதவில் என் முகம் தெரிந்தது, நான் இத்தனை களைத்துப் போயிருக்கிறேனா என்று எனக்கே தோன்றும் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் வீட்டில் மனிதர் இருக்க முடியவில்லை. கோட்டிங் காய்கிறவரை தொடக்கூடாது, தூசி படக்கூடாது, படங்கைத் திறக்கக்கூடாது. எங்கள் மகள் டெலிஷாவுக்கு எட்டு வயது. அவளுக்கும் கதவில் முகம் பார்க்க ஆசை வந்துவிட்டது. கிட்டப் போய்க் கையை ஊன்றிப் பார்த்திருக்கிறாள். ஐந்து விரலும் பதிந்துவிட்டது. அதைக் கண்டு மேர்வின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு அந்தப்பக்கம் ஓடியது. பிள்ளை குசினிக்குள் ஓடிப்போய் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொண்டாள். அவர் கை நீட்டுகிற ஆள் இல்லை. ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் அந்தக் குரல், கரையில் எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பழகிய குரல், அடியைவிட மோசம். அன்று அவள் சோறு தின்னவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை, கதவில் பதிந்த விரல்களை அழித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தங்கச்சி நிலுஷாவுக்கும் அவருக்கும் இந்தக் காரால் ஏற்கெனவே மனஸ்தாபம். நிலுஷா எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். லைசன்ஸ் எடுத்துவிட்டாள், கார் இல்லை. எப்போதாவது இரவல் கேட்பாள். அவரோ இல்லை என்று நேரே சொல்லமாட்டார், பொய் சொல்வார். ஒருமுறை டயர் தேய்ந்துவிட்டது என்றார். அடுத்தமுறை பற்றரி இறங்கிவிட்டது என்றார். அந்தப் பின்னேரமே நான் அதே காரில் சந்தைக்குப் போனதை அவள் கண்டுவிட்டாள்.

பூசி முடித்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, மேர்வின் கரைக்குப் போய்விட்டார். நான் பரீட்சைத் தாள்களோடு அறைக்குள் இருந்தேன். அடுத்த மாதம் கோயிலில் டெலிஷாவுக்கு முதல் நன்மைச் சடங்கு. வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுக்க உவர்மலையில் இருக்கும் தையல்காரப் பெண்ணிடம் நிலுஷா கூட்டிப்போவதாக முன்பே பேச்சு. வாசலில் அவள் குரல் கேட்டது.

"மச்சாள், நாங்கள் அளவு குடுத்திட்டு வாறம்!"

"ஓம், கவனமாப் போட்டு வாங்கோ" என்று உள்ளேயிருந்தே சொன்னேன். ஓட்டோவில் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். தேத்தண்ணீர் போட எழும்பி வந்தபோது படங்கு திறந்து கிடந்தது. காரைக் காணவில்லை. பிறிட்ஜுக்கு மேல் இருக்கும் கார்ச் சாவியையும் காணவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நல்லா வேணும் இந்த மனுசனுக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கேத்திலை அடுப்பில் வைத்தேன்.

தண்ணீர் கொதிக்க முன்னமே அவர் வந்துவிட்டார். கூடவே பஸ்லான். பஸ்லான் எங்கள் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறவன், கராஜ் ஒன்றிலும் கொஞ்சக் காலம் வேலை செய்தவன். காரைக் காட்டிப் பெருமைப்படத்தான் அவனைக் கூட்டி வந்திருந்தார். வெறும் கொட்டிலைக் கண்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் கொஞ்சம் ரசித்தேன் என்றே சொல்லவேண்டும்.

"நிலுஷாவும் பிள்ளையும் உவர்மலைக்குப் போயிருக்கினம். வந்திடுவினம்" என்றேன்.

அவர் போனை எடுத்தார். நிலுஷா பதில் சொன்னதும் தொடங்கினார். "ஆரைக் கேட்டுக் காரைத் தொட்டனி? கோட்டிங் காய இல்லை, தூசி முழுக்க ஒட்டியிருக்கும். திறப்பைக் களவெடுக்கிற அளவுக்கு வந்திட்டியா? உடன கொண்டு வா. ஒரு கீறல் கிடந்துதெண்டால் இந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது!"

மறுபக்கம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. போன் துண்டிக்கப்பட்டது. களவு என்ற சொல் எனக்கே சுட்டது, அவளுக்கு எப்படிச் சுட்டிருக்கும்.

பஸ்லான் சமாதானம் சொன்னான். "விடுங்க அண்ணன். நல்ல ஓட்டம்தானே அவ. ஒண்டும் ஆகாது. என்னென்ன செஞ்சீங்கண்டு சொல்லுங்களன் கேப்பம்."

அது போதும் அவருக்கு. கோபம் பாதியில் நின்று பெருமை தொடங்கியது. களிக்கட்டி, மெசின், போத்தல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "மேல் தகரத்தோட நான் விடேல்லை. நாலு சில்லையும் கழட்டினனான். கழுவின ராவோட உள்ளுக்கு இருக்கிற தட்டெல்லாம் செங்கல் மாதிரித் துருப் பிடிச்சிருந்தது. அதை மண்கடதாசியால தேச்சு, வெள்ளி மாதிரி ஆக்கி, எஞ்சினுக்குப் பூசுற மெழுகுக் கிறீசால நல்லா ஒரு பூச்சுப் பூசி விட்டனான். பின் சில்லில மூடி மாதிரி இருக்கே, அதையும் கழட்டி உள்ளுக்கும் பூசினனான். இனி இந்த மாரிக்கு ஒரு துரு வரட்டும் பாப்பம்."

பஸ்லான் சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"எந்தத் தட்டு அண்ணன்?"

"அதுதான், சில்லுக்கு உள்ளுக்கு வட்டமா மினுங்குமே."

"பிறேக் தட்டா? பிறேக் தட்டிலயா கிறீஸ் பூசினீங்க?"

மேர்வினுக்கு அது விளங்க எடுத்த நேரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கரையில் மாரிக்கு வள்ளங்களை மேலே இழுத்து வைக்கும்போது எஞ்சினைக் கழற்றி, வெறும் இரும்பு தெரிகிற இடமெல்லாம் கிறீஸ் பூசித்தான் மூடி வைப்பார்கள். பூசாமல் விட்டவனைச் சோம்பேறி என்பார்கள். அவர் அப்பன் தம்பிராசா காலத்திலிருந்து அந்த வீட்டில் அதுதான் வேதம். இரும்பைக் கண்டால் பூசு. வள்ளத்துக்கு ஏது பிறேக்? வாழ்நாள் முழுக்க எஞ்சினோடு கிடந்த மனிதர் பிறேக்கைப் பற்றி ஒருநாளும் யோசிக்க வேண்டி வந்ததில்லை.

"அப்ப என்ன?" என்று நான்தான் கேட்டேன். "பிறேக் பிடிக்காதா?"

"முதல்ல பிடிக்கும் டீச்சர். மெழுகுதானே, கெட்டியா இருக்கும். ஓட ஓடச் சூடாகி உருகி, பிறேக் கட்டைக்குள்ள ஊறிரும். பிறகு எவ்வளவு அமத்தினாலும் வழுக்கும், நிக்காது." பஸ்லான் ஓட்டோப் பக்கம் பார்த்தான். "உவர்மலையா சொன்னீங்க?"

உவர்மலை. பெயரிலேயே மலை இருக்கிறது. ஏறும்போது பிறேக் தேவையில்லை. இறங்கும்போது? நான் தினமும் அந்தக் காரில்தான் பாலம் தாண்டிப் போகிறேன் என்பதோ, மறுநாள் காலை நான்தான் ஓட்டியிருப்பேன் என்பதோ அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. டெலிஷாவின் இரட்டைப் பின்னல் மட்டும்தான் கண்ணில் நின்றது.

நான் போன் எடுத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. மேர்வின் எடுத்தார். அடித்தது, எடுக்கவில்லை. பஸ்லான் ஓட்டோவை இயக்கிவிட்டான். அடுப்பில் கேத்தில் கூவிக்கொண்டிருந்தது, அதை அணைத்தேனா என்றுகூடத் தெரியாது. செருப்பில்லாமல் ஏறினேன்.

ஓட்டோ சந்து சந்தாகப் புகுந்து ஓடியது. மத்தியான வெயிலில் றோட்டில் சனமில்லை. ஒரு மாடு குறுக்கே நின்றது, பஸ்லான் அதைச் சுற்றிப் போனான். மேர்வின் இரண்டு கையாலும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தார். அந்தக் கையின் நகக்கண்ணில் இன்னும் கிறீஸ் கறுப்பாக இருந்தது. அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. எத்தனையோ வருடம் சோறு போட்ட கை. அந்த நிமிடம் அதை வெட்டி எறிய வேண்டும் போல இருந்தது.

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்தாள். நிலுஷா அல்ல, டெலிஷா.

"அம்மா, மாமி உங்கட போனையும் எடுக்க வேண்டாமெண்டவ. அப்பா பக்கத்தில நிண்டு ஏசுவாராம்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். களவாக எடுத்திருக்கிறாள்.

கத்தக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. நான் கத்தினால் பிள்ளை பயந்துவிடும், பிள்ளை பயந்தால் ஓட்டுகிறவள் பதறிவிடுவாள். வகுப்பறையில் பேசுகிற குரலை வரவழைத்தேன். அது எப்படி வந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"பரவாயில்லை குஞ்சு. இப்ப எங்க நிக்கிறீங்கள்?"

"அளவு எடுக்கேல்லை. அப்பா ஏசினவர்தானே, மாமி அழுதவ. காரைக் கொண்டுபோய் விட்டிட்டு வருவம் எண்டு வெளிக்கிட்டாச்சு. கார்ல வாறம்."

அவர் போட்ட சத்தம்தான் அவர்களைக் காருக்குள் ஏற்றியிருக்கிறது. தையல் வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் பத்திரமாக இருந்திருப்பார்கள்.

"கார் நல்லா ஓடுதா?"

"ஓம். முன்னுக்கு ஒரு நாய் வந்தது, மாமி நிப்பாட்டினவ. கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிண்டது. ஒரு மணமும் வருது அம்மா, கருகின மணம்."

"போனைச் சத்தமாப் போட்டு மாமிக்குக் கிட்டப் பிடி."

பிடித்தாள். நான் சொன்னேன், "நிலுஷா, நான் சொல்லுறதைக் கேள். இப்ப மெதுவா ஓரத்தில நிப்பாட்டு. பிறேக்கில பிழை இருக்கு."

"மச்சாள், நீங்களுமா அவருக்கு வக்காலத்து?" அவள் குரல் அழுதழுது தடித்திருந்தது. "கொண்டு வாறன்தானே. களவெடுத்துக்கொண்டு ஓடேல்லை."

மேர்வினால் பொறுக்க முடியவில்லை. என் கையிலிருந்து போனைப் பறித்தார். "நிலு! பிறேக் இல்லையடி! நிப்பாட்டு! பிறேக் இல்லை!"

"ஓம் ஓம். போன மாசம் பற்றரி இல்லை. அதுக்கு முந்தி டயர் இல்லை. இப்ப பிறேக் இல்லை. அடுத்த மாசம் காரே இல்லையெண்டு சொல்லுங்கோ அண்ணா. பிள்ளையையும் சேர்த்துப் பயப்படுத்த வெக்கமா இல்லை உங்களுக்கு?"

புலி வருது, புலி வருது என்று எத்தனை தடவை சொன்னார் இந்த மனிதர். இப்போது புலி வந்து என் பிள்ளை பக்கத்தில் நிற்கிறது, சொன்னால் நம்ப ஆளில்லை. அவரைக் குறை சொல்லிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. ஓட்டோ துறைமுகப் பக்கம் திரும்பி, உவர்மலை இறக்கத்தின் அடிக்கு வந்துவிட்டது. கீழே குறுக்காகப் பெரிய றோட்டு. கண்டியிலிருந்து வருகிற பஸ்கள் அதில்தான் விழுந்தடித்து வரும். பஸ்லான் ஓட்டோவை அந்த றோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, கீழே குதித்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கையைக் காட்டி வாகனங்களை மறித்தான். ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டே நின்றது. சாரதி தலையை நீட்டிச் சிங்களத்தில் ஏசினான். பஸ்லான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே வளைவில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. வெயில் அதில் பட்டு என் கண் கூசியது. அத்தனை மினுக்கம்.

"அண்ணா." போனில் நிலுஷாவின் குரல் மாறியிருந்தது. "அண்ணா, அமத்துறன். நிக்குதில்லை. அடிவரைக்கும் அமத்துறன், நிக்குதில்லை."

நான் போனைத் திரும்பப் பிடுங்கினேன். "கியரைக் கீழ இழு, கடைசிக்கு. கை பிறேக்கையும் மெல்ல மெல்ல இழு. குஞ்சு, நீ எங்க இருக்கிறாய்?"

"பின்னுக்கு."

"மாமிக்குப் பின்பக்கம் போய்க் கீழ குந்து. தலையைக் குனிஞ்சு, ரெண்டு கையாலயும் மூடிக்கொள். அம்மா சொல்லுமட்டும் எழும்பக் கூடாது. என்ன?"

"ஓம் அம்மா."

எஞ்சின் அலறும் சத்தம் போனிலும் கேட்டது, காற்றிலும் கேட்டது. கொஞ்சம் வேகம் குறைந்த மாதிரி இருந்தது, பிறகு இறக்கம் செங்குத்தானது, மறுபடி கூடியது. கை பிறேக்கும் பிடிக்கவில்லை. அதிலும் இவர் பூசியிருக்கிறாரே. ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்று கையால் மறிக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. பைத்தியக்கார யோசனை, ஆனால் நிஜமாகவே இரண்டடி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இறக்கத்தின் இடப்பக்கம் முழுக்க ஒரு பழைய பங்களாவின் நீண்ட மதில். வலப்பக்கம் பள்ளமான வாய்க்கால். நிலுஷா காரை நடு றோட்டில் நூல் பிடித்த மாதிரிக் கொண்டு வந்தாள். மதிலிலும் படாமல், ஓரத்துப் பற்றைச் செடியிலும் உரசாமல், அவ்வளவு கவனமாக. பிறேக் இல்லாத காரில், பின்னால் ஒரு பிள்ளையோடு, கீழே பஸ் நிற்கிற றோட்டுக்கு வருகிறவள், அண்ணனுடைய காரில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேர்வினும் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். என் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்து வாயருகே கொண்டுபோனார்.

"நிலு, மதிலில தேய்."

"என்ன?"

"காரை மதிலில தேய். இடப்பக்கம். தகரம் போகட்டும், அணைச்சு வைச்சுத் தேய். அதுதான் நிப்பாட்டும்."

"அண்ணா, கோட்டிங்..."

"கோட்டிங் மண்ணாப் போகட்டும்! கார் நாசமாப் போகட்டும்! தேயடி!"

பிறகு கார் இடப்பக்கம் சாய்ந்தது. அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வது? தகரத்தைக் கத்தியால் கிழித்தால் வருகிற சத்தம், ஒரு தெரு நீளத்துக்கு. பக்கக் கண்ணாடி பறந்து வந்து றோட்டில் விழுந்து சிதறியது. மதிலில் சிவப்புக் கோடு இழுபட்டுக்கொண்டே வந்தது. சுண்ணாம்புத் தூசி எழும்பிக் காரை மூடிவிட்டது. தூசிக்குள் ஒரு முட்டல், இன்னொரு முட்டல். பிறகு சத்தம் நின்றது.

"டெலிஷா" என்றேன் போனில்.

இரைச்சல் மாத்திரம் கேட்டது.

"குஞ்சு. அம்மா கூப்பிடுறன்."

செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. கோயில் ஞாயிறு வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற செபம், ஒரு சொல்கூட வரவில்லை. மேர்வின் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தார். நான் பின்னால் ஓடினேன். வெறுங்காலில் கண்ணாடித் துண்டு ஏறியதைப் பிறகுதான் அறிந்தேன்.

கிட்டப் போகப் போகத் தூசி அடங்கியது. கார் மதிலைவிட்டுக் கொஞ்சம் விலகி, மூக்கு றோட்டுப் பக்கம் திரும்பி நின்றது. பெரிய றோட்டுக்கு இன்னும் ஒரு வீட்டு நீளம்தான். வலப்பக்கக் கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. நிலுஷா றோட்டில் குந்தியிருந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு வீக்கம், வேறு காயமில்லை.

டெலிஷா நின்றுகொண்டிருந்தாள். முழுதாக நின்றாள். இரண்டு கை, இரண்டு கால், இரட்டைப் பின்னல். தலைமயிரில் சுண்ணாம்புத் தூசி. நான் பெயர் சொல்லிக் கத்தினேன், அவள் என் பக்கம் திரும்பவில்லை. அப்பா ஓடி வருவதைத்தான் பார்த்தாள். பார்த்ததும் விறுவிறென்று காரின் இடது மூலைக்கு ஓடினாள். தகரம் உரிந்து வாழைத்தோல் மாதிரித் தொங்கிய இடம் அது. அதற்கு முன்னால் போய், முதுகைக் காரோடு ஒட்டி, இரண்டு கையையும் எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்து நின்றாள். கை போதவில்லை. கவுணின் இரு கரையையும் பிடித்து அகட்டி அதாலும் மறைத்தாள்.

"கொஞ்சம்தான் அப்பா" என்றாள். "கொஞ்சம்தான் கீறினது. மாமிக்கு ஏசாதீங்கோ. நான்தான் கார்ல போவம் எண்டு கேட்டனான்."

மேர்வின் அவளைத் தூக்குவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தவர். அவர் கை நீண்டதும் பிள்ளை கண்ணை இறுக மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மறைத்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவர் அப்படியே நின்றார். நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினார். அவளை எட்டிப் பிடிக்க ஒரு பாகம், இரண்டு கை விரித்த தூரம்கூட இருக்காது, அந்தத் தூரத்தை அவரால் தாண்ட முடியவில்லை.